நோயாளர் பட்டியலும் ஒரு சிறிய சபையும்

கொழும்பு நகரின் மதில்களைப் படித்துப் பழகியவர்களுக்கு அந்தச் சுவரொட்டிகள் புதியனவல்ல. ஒலிவாங்கி பிடித்த ஒருவர், வானத்தை நோக்கி உயர்ந்த கைகள், மேலே பெரிய எழுத்தில் ‘சுகமளிக்கும் பெருவிழா’, கீழே நோய்களின் நீண்ட வரிசை. பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளை அண்மித்துவிட்ட என் மேசைக்கு இத்தகைய கூட்டங்களைப் பற்றிய செய்திக் குறிப்புகள் எத்தனையோ வந்திருக்கின்றன. எத்தனை ஆயிரம் பேர் கூடினார்கள், எத்தனை பேர் மேடையேறிச் சாட்சி சொன்னார்கள் என்ற விபரங்கள் அவற்றில் தவறாமல் இருக்கும். குணமாகாமல் வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர் என்ற விபரம் ஒருபோதும் இருந்ததில்லை.

நான் எழுத நினைப்பது அந்தப் பெருவிழாக்களைப் பற்றியன்று. சுவரொட்டி ஒட்டாமல், ஒலிபெருக்கி கட்டாமல், அங்கிலிக்கன் திருச்சபையின் சிறிய சபைகளில் நடைபெற்று வருகின்ற குணமாக்கும் பணியைப் பற்றியது. நான் சைவன். நோய் தீர்க்கும் இறைவனை வைத்தீஸ்வரன் என்று பெயரிட்டு வணங்கும் மரபிலே பிறந்தவன். வண்ணார்பண்ணை வைத்தீஸ்வரன் கோயில் வீதியில் விளையாடித் திரிந்தவன். எனவே இதனை ஒரு கிறிஸ்தவரின் சாட்சியமாக வாசகர்கள் கொள்ள வேண்டியதில்லை. வெளியே நின்று பார்த்த ஒருவனின் குறிப்பாகவே கொள்ளலாம்.

பார்க்க நேர்ந்தது ஒரு நண்பரின் நோயினால்.

எங்கள் ஆசிரியபீடத்தில் ஒப்புநோக்காளராக இருந்தவர் அவர். என்னிலும் பதினைந்து வயது மூத்தவர். சுண்டுக்குளியிலே பிறந்து, அந்தப் பகுதி அங்கிலிக்கன் குடும்பங்களுக்கேயுரிய அடக்கமான பக்தியுடன் வளர்ந்தவர். நாங்கள் எல்லோரும் அவரை ‘அண்ணை’ என்றே அழைப்போம். அவருடைய கண்ணுக்குத் தப்பி ஓர் ஒற்றுப்பிழை அச்சேறியதை நான் கண்டதில்லை. 2006ஆம் ஆண்டில் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தன. வாரத்தில் இரண்டு நாள் குருதிச் சுத்திகரிப்பு. வீட்டில் மனைவியும் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மகளும்.

இத்தகைய வேளையில் உறவினர்கள் சும்மா இருப்பதில்லை. யாரோ ஒருவர் அவரைப் பெரியதொரு சுகமளிக்கும் கூட்டத்துக்கு அழைத்துச் சென்றார். அந்த அமைப்பின் பெயர் இங்கு வேண்டாம். மேடையிலிருந்தவர் அவருடைய தலையில் கை வைத்து, நோய் போய்விட்டது என்று அறிவித்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. குளிசைகளை விட்டுவிடலாம் என்று பக்கத்தில் நின்ற தொண்டர் ஒருவர் சொன்னார். நல்லவேளையாக அண்ணையின் மனைவி அதற்குச் சம்மதிக்கவில்லை. மூன்று வாரங்கள் கழித்து, நோயில் மாற்றமில்லையே என்று அவர் தொலைபேசியில் விசாரித்தபோது கிடைத்த பதில், “உங்கள் விசுவாசம் போதாது” என்பதே.

அடுத்த நாள் அண்ணை என்னிடம் சொன்னார்: “தம்பி, வருத்தம் வந்தது கிட்னியிலை. இப்ப கூண்டிலை ஏத்தி விசாரிக்கிறது என்ரை விசுவாசத்தை.”

அந்த வாரத்திலேயே அவருடைய சொந்தச் சபையின் குருவானவர் வீட்டுக்கு வந்தார். கூடவே சபையைச் சேர்ந்த இரு பெண்கள். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர், பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. நானும் அன்று அங்கே இருந்தேன். ஏதோ ஒரு சடங்கு நடக்கப்போகிறது என்று எண்ணி எழுந்து வெளியே செல்ல முற்பட்டேன். அண்ணை கையைப் பிடித்து இருத்திவிட்டார். குருவானவர் முதலில் கேட்ட கேள்வி விசுவாசத்தைப் பற்றியதாக இருக்கவில்லை. எந்தெந்த நாள்களில் சுத்திகரிப்பு, எத்தனை மணிக்கு, யார் கூட்டிக்கொண்டு போகிறார்கள், திரும்பி வருவது எப்படி என்பவையே அவர் கேட்டவை. அதன் பின்னர் மூவரும் அவருடைய தலையில் கை வைத்தார்கள். சிறிது நேரம் மௌனம். பின்னர் ஒரு சிறிய செபம். சிறு குப்பியிலிருந்த ஒலிவ எண்ணெயைத் தொட்டு நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் சிலுவைக் குறியிட்டார் குருவானவர். எல்லாமாக ஐந்து நிமிடங்கள்கூட ஆகவில்லை.

செபம் முடிந்ததும் அந்த ஆசிரியை தம்முடைய பையிலிருந்து நீளமான சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்தார். அதில் அண்ணையின் பெயர், சுத்திகரிப்பு நாள்கள், நேரம், மகளின் பரீட்சைக் காலம் யாவற்றையும் குறித்துக்கொண்டார். என் கண் அந்தக் கொப்பியில்தான் நின்றது. அது ஒரு நோயாளர் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே யார், எப்போது சென்று பார்த்தார்கள், என்ன தேவைப்பட்டது, அது செய்து முடிந்ததா என்ற குறிப்புகள் மூன்று மொழிகளிலும் வெவ்வேறு கையெழுத்துகளில் இருந்தன.

2007ஆம் ஆண்டை நினைவிலிருத்துங்கள். கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் யூன் மாதத்தில் பஸ்களில் ஏற்றி நகரைவிட்டு அனுப்பப்பட்ட ஆண்டு அது. சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடிகள். யாழ்ப்பாண முகவரி பதிந்த அடையாள அட்டையுடன் ஒருவர் காலையில் ஓட்டோவில் சென்றால் எப்போது போய்ச் சேருவார் என்று சொல்ல முடியாது. சுத்திகரிப்பு நேரம் தவறினால் அந்த முறை இன்னொருவருக்குப் போய்விடும். எனவே அந்தச் சிங்கள ஆசிரியை வாரத்தில் இரண்டு நாளும் விடியற்காலையில் வந்து அண்ணையுடன் ஓட்டோவில் ஏறிக்கொள்வார். சாவடியில் நிறுத்தினால் அவர் இறங்கிப் பேசுவார். அவருக்கு முடியாத நாள்களில் வேறொருவர் வருவார். யார் வருவார் என்பது கொப்பியில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் இது நடந்தது.

அண்ணை 2008ஆம் ஆண்டின் இறுதியில் காலமானார். நோய் குணமாகவில்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், குணமாகும் என்று உண்மையில் நம்புகிறீர்களா என்று ஒருநாள் கேட்டேன். “கேக்கிறது குணமாகத்தான். ஆனால் குணமாகாட்டிலும் செவ்வாயும் வெள்ளியும் அவை வருவினம் எண்டு தெரியும். எனக்கு அது பெரிசு தம்பி” என்றார்.

அவருடைய மறைவுக்குப் பின்னர் இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசித்தவற்றில் முக்கியமென எனக்குத் தோன்றியவற்றைச் சொல்கிறேன்.

கிறிஸ்தவர்கள் இதற்கு ஆதாரமாகக் காட்டுவது புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தை. நோயுற்றவர் சபையின் மூப்பர்களை அழைக்க வேண்டும், அவர்கள் எண்ணெய் பூசிச் செபிக்க வேண்டும் என்பது அங்குள்ள அறிவுறுத்தல். ஒப்புநோக்கியே பழகிய அண்ணை ஒருமுறை அந்தப் பகுதியில் இரண்டு விடயங்களைச் சுட்டிக்காட்டினார். அழைப்பவர் நோயாளி, அவரை ஒருவரும் மேடைக்கு இழுத்துச் செல்வதில்லை. அடுத்தது, ‘மூப்பர்கள்’ என்ற பன்மை. வரம் பெற்ற தனி மனிதர் எவரையும் தேடிப் போகும்படி அங்கு சொல்லப்படவில்லை. அந்த ஊர்ச் சபையின் பொறுப்பாளர்கள் சேர்ந்து வரவேண்டும் என்றே சொல்லப்பட்டிருக்கிறது.

இங்கிலாந்துத் திருச்சபை இந்த வழக்கத்தை எப்போதும் ஒரே சீராகக் காத்தது என்று சொல்வதற்கில்லை. 1549ஆம் ஆண்டின் பொது வழிபாட்டு நூலில் நோயாளருக்கு எண்ணெய் பூசும் ஒழுங்கு இருந்தது. மூன்றே ஆண்டுகளில், 1552இல், அது நீக்கப்பட்டது. 1662ஆம் ஆண்டின் நூலில் நோயாளரைச் சென்று சந்திக்கும் ஒழுங்கு மட்டுமே உண்டு. நோயை இறைவனின் வருகையாக ஏற்றுக்கொள்ளும்படி அது சொல்கிறது. குணமாகுமென்ற எதிர்பார்ப்பு அதில் மிகக் குறைவு. ஆயினும் அதிலே ஒரு குறிப்பு என்னைக் கவர்ந்தது. நோயாளி இதுவரை மரணசாசனம் எழுதவில்லையென்றால் எழுதும்படியும், கடன் விபரங்களைத் தெளிவாக்கும்படியும், வசதியுள்ளவராயின் ஏழைகளுக்கு ஈயும்படியும் குருவானவர் எடுத்துச்சொல்ல வேண்டும் என்கிறது அது. செபத்தின் நடுவே இவ்வளவு உலகியல் சார்ந்த அக்கறை! ஓட்டோவுக்கு யார் பொறுப்பு என்று கேட்ட குருவானவரின் மூதாதையர் இவர்கள்தாம்.

அதே நாட்டில் இதற்கு நேரெதிரான இன்னொரு மரபும் இருந்தது. அரசர் தொட்டால் கண்டமாலை நோய் தீரும் என்ற நம்பிக்கை. மக்கள் பெருந்திரளாகக் கூடுவார்கள், அரசர் தொடுவார், கழுத்தில் ஒரு பொற்காசு அணிவிக்கப்படும். 1712இல் அன் அரசி அவ்வாறு தொட்டவர்களில் இரண்டரை வயதுக் குழந்தையொன்றும் இருந்தது. பிற்காலத்தில் ஆங்கில அகராதி தொகுத்துப் புகழ்பெற்ற சாமுவேல் யோன்சன்தான் அந்தக் குழந்தை. அவருக்கு நோய் தீரவில்லை; தழும்புகள் இறுதிவரை முகத்தில் இருந்தன. அந்தக் காசை மட்டும் வாழ்நாள் முழுவதும் அணிந்திருந்தாராம். அன் அரசிக்குப் பின்வந்த முதலாம் ஜோர்ஜ் மன்னர் அந்த வழக்கத்தைக் கைவிட்டார். ஒரு தனி மனிதரின் கையில் தங்கியிருந்த வழக்கம் அவருக்கு அடுத்தவர் விரும்பாதபோது முடிந்துபோயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அங்கிலிக்கன் திருச்சபைக்குள் குணமாக்கும் பணி மீண்டும் உயிர்பெற்றது. 1904இல் இங்கிலாந்தில் ‘கில்ட் ஒவ் ஹெல்த்’ என்ற அமைப்பும், 1915இல் பரிசுத்த ரபாயேலின் பெயரில் இன்னோர் அமைப்பும் தொடங்கப்பட்டன. இந்தக் காலத்து மனிதர்களில் எங்கள் பகுதியுடன் தொடர்புடையவர் ஜேம்ஸ் மூர் ஹிக்சன். அவுஸ்திரேலியாவில் 1868இல் பிறந்தவர். குருவானவர் அல்லர், சாதாரண சபை உறுப்பினர். முதலாம் உலகப் போர் முடிந்த பின்னர் உலகைச் சுற்றிய அவருடைய பயணத்தில் இலங்கையும் இந்தியாவும் இடம்பெற்றன. அந்த அனுபவங்களை 1924இல் ஒரு நூலாகவும் வெளியிட்டார்.

ஹிக்சனிடமும் பெருங்கூட்டம் கூடியது. ஆனால் அவர் தம் பணிக்கு வகுத்துக்கொண்ட ஒழுங்கு கவனிக்கத்தக்கது. அந்தந்த ஊர்த் திருச்சபையின் அழைப்பையும் ஆதரவையும் பெற்றே அவர் பணியாற்றினார். நோயாளரை முன்கூட்டியே சந்தித்து ஆயத்தப்படுத்துவது அந்த ஊர்க் குருமாரின் வேலை. அவர் கை வைத்துச் செபிக்கும்போது குருமாரும் உடனிருந்து ஆசீர்வதிப்பார்கள். அவர் கப்பலேறிய பின்னர் செபக் குழுக்களாகக் கூடி அந்த நோயாளரைத் தொடர்ந்து தாங்குவது உள்ளூர்ச் சபையின் கடமை. வந்துபோகிறவர் வந்துபோகட்டும், ஊரில் இருப்பவர்கள் பட்டியலை வைத்திருக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

உலக அங்கிலிக்கன் ஆயர்கள் கூடும் லம்பெத் மாநாடு 1908இலும் 1920இலும் 1930இலும் இந்தப் பணியை ஆராய்ந்தது. 1920இல் எழுந்த வேண்டுகோளின்படி அமைக்கப்பட்ட குழு 1924இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதில் வைத்தியர்களும் பங்குகொண்டிருந்தார்கள். வைத்தியர் செய்ய வேண்டியதைக் குருவானவரிடம் எதிர்பார்க்கக் கூடாது என்பது அந்த அறிக்கையின் தெளிவான நிலைப்பாடு. அண்ணையின் மனைவி குளிசைகளை நிறுத்தச் சம்மதிக்காமல் நின்றபோது, தமது திருச்சபை பல பத்தாண்டுகளுக்கு முன்னரே சொன்ன இடத்தில்தான் நின்றிருக்கிறார்.

இந்த எச்சரிக்கை உணர்வுக்கு இன்னும் பழைய வேரும் உண்டு. 1604ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டங்களில் எழுபத்திரண்டாவது, ஆயரின் அனுமதிப் பத்திரமின்றி எந்தக் குருவும் உபவாசத்தாலும் செபத்தாலும் பேயோட்ட முற்படக் கூடாது என்று தடுத்தது. மீறினால் ஏமாற்றுக்காரர் என்ற பழியும் குருத்துவத்திலிருந்து நீக்கமும். பழங்காலத்து அச்சம் என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. 1974ஆம் ஆண்டு இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியில் ஒரு மனிதருக்கு இரவு முழுவதும் பேயோட்டும் செபம் நடத்தி விடியற்காலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு சென்ற அவர் தம் மனைவியைக் கொன்றார். அந்தச் செபத்தில் அங்கிலிக்கன் குருவானவர் ஒருவரும் இருந்தார். நாடே அதிர்ந்தது.

அடுத்த ஆண்டு, அன்றைய கன்ரபரிப் பேராயர் டொனல்ட் கொகன் ஐந்து நெறிகளை அறிவித்தார். வைத்திய உதவியுடன் இணைந்தே செய்ய வேண்டும். செபமும் திருவருட்சாதனமும் சார்ந்த சூழலில் செய்ய வேண்டும். விளம்பரம் இயன்றளவு குறைவாக இருக்க வேண்டும். ஆயரின் அதிகாரம் பெற்ற அனுபவசாலிகளே செய்ய வேண்டும். அதன் பின்னரும் அந்த மனிதரைச் சபை தொடர்ந்து கவனிக்க வேண்டும். பேயோட்டுதலுக்கென்று சொல்லப்பட்ட இவ்வைந்தையும் நோயாளருக்கான எந்தப் பணிக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். இங்கிலாந்துத் திருச்சபை 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட விரிவான அறிக்கையும், செபிப்பவர்கள் சபைக்குப் பொறுப்புக்கூற வேண்டும், நோயாளியின் இரகசியத்தைக் காக்க வேண்டும் என்று வழிகாட்டியது.

பத்திரிகையாளனாகிய என்னை நிறுத்தியது மூன்றாவது நெறி. விளம்பரத்தில் வாழ்கின்ற தொழில் எங்களுடையது. அண்ணையின் சபையில் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நடைபெறும் குணமாக்கும் வழிபாட்டுக்கு ஒருமுறை சென்றிருந்தேன். இருபது பேர்வரை இருந்தார்கள். திருவிருந்துக்குப் பின்னர் விரும்பியவர்கள் முன்னே சென்று முழந்தாளிட்டார்கள். குருவானவரும் பயிற்சி பெற்ற சபையார் இருவரும் ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து, மற்றவருக்குக் கேட்காத குரலில் செபித்தார்கள். யாரும் விழவில்லை, யாரும் சாட்சி சொல்லவில்லை. மறுநாள் பத்திரிகையில் எழுதுவதற்கு அங்கே ஒரு வரிகூட இருக்கவில்லை. செய்திக்கு உதவாத அந்த இடத்தில்தான், வாரக்கணக்காக யாராலும் தொடப்படாத முதியவர்கள் சிலர் தொடப்பட்டார்கள்.

இனி அந்தக் கொப்பிக்கு வருகிறேன். அது தானாக உருவாகவில்லை. அதன் பின்னால் ஒரு நிர்வாகம் இருக்கிறது. எங்கள் கோயில்களுக்குப் பரிபாலன சபை இருப்பதுபோல அங்கிலிக்கன் சபைக்கும் வோர்டன்மார் இருப்பார்கள். ஒருவரைக் குருவானவரும் மற்றவரைச் சபையாரும் தெரிவுசெய்வது பழைய மரபு. வருடாந்தப் பொதுக் கூட்டம், நிர்வாகக் குழு, பொருளாளர், கணக்குப் புத்தகம் எல்லாம் உண்டு. இலங்கையில் 1845இல் கொழும்பு மறைமாவட்டம் தொடங்கியபோது அரச மானியம் கிடைத்தது. 1881இல் மானியத்தை நிறுத்த முடிவானதும் தமது காலில் நிற்க வேண்டிய நிலை ஏற்பட்டது. ஒரு ஓட்டோக் கூலியைக்கூடச் சபையார் கூடிப் பேசி ஒதுக்கும் வழக்கத்துக்கு அந்த அனுபவமும் ஒரு காரணமாக இருக்கலாம். 1950இல் குருநாகல் தனி மறைமாவட்டமானது. இந்த இரண்டே மறைமாவட்டங்களுடன் இலங்கைத் திருச்சபை இன்றும் இயங்குகிறது.

அண்ணையின் சபையில் கொப்பியை வைத்திருந்தவர்கள் தாய்மார் சங்கத்தினர். 1876இல் இங்கிலாந்தில் மேரி சம்னர் என்ற குருவானவரின் மனைவி தொடங்கிய சங்கம் அது. உலகெங்கும் அங்கிலிக்கன் சபைகளில் பரவியிருக்கிறது. நிர்வாகக் குழு கூடும்போது பட்டியல் வாசிக்கப்படும். புதிதாக யார் சேர்ந்தார், யார் வைத்தியசாலையில், யார் வீடு திரும்பினார், யார் காலமானார் என்று வரிசையாகக் கேட்பார்கள். போகாமல் விட்டவர் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வி நேரத்தை அண்ணை தமக்கேயுரிய குறும்புடன் ‘இரண்டாம் புரூவ்’ என்பார். முதற்பார்வையில் தவறிய பெயர்கள் அங்கே பிடிபடும்.

எல்லாச் சபைகளும் இப்படித்தான் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். வோர்டன் பதவிக்காகப் பல்லாண்டுகள் பேசாமலிருக்கும் குடும்பங்களை நான் அறிவேன். ஆங்கிலம் பேசுவோர் முன்வரிசையிலும் மற்றவர்கள் பின்வரிசையிலும் அமர்ந்த காலத்தின் மிச்சங்கள் சில இடங்களில் இன்னமும் உண்டு. பட்டியல் என்பது ஞாயிறு வழிபாட்டில் வேகமாக வாசித்து முடிக்கும் பெயர்களாக மட்டும் சுருங்கிப்போன சபைகளும் இருக்கின்றன. தெருக்கோடியில் இருக்கும் ஏழைத் தாய் பெருங்கூட்டத்துக்கு ஓடுகிறாள் என்றால், தன் ஊர்ச் சபையில் அவளை யாரும் எதிர்பார்க்கவில்லை என்பதும் ஒரு காரணம். அந்தக் கூட்டத்தில் யாராவது அவளைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டால் அதுவே அவளுக்கு ஒரு மருந்து. இதனை மறந்துவிட்டுப் பெருங்கூட்டங்களை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது.

நிறுவனம் பெரிதாக இருந்தால் நிலைத்துவிடும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. டொரத்தி கெரின் என்ற அம்மையார் இங்கிலாந்தில் பேர்ஸ்வூட் என்ற இடத்தில் 1948இல் ஓர் இல்லத்தை உருவாக்கினார். வைத்தியர்களும் தாதியரும் குருமாரும் ஒரே கூரையின் கீழ் நோயாளரைக் கவனித்தார்கள். அங்கிலிக்கன் குணமாக்கும் பணியின் முகமாக அது பல பத்தாண்டுகள் விளங்கியது. 2019இல் பண நெருக்கடியால் மூடப்பட்டது. சீ.ஆர். கொப்பிக்கு அந்த ஆபத்துக் குறைவு. ஆனால் அதற்கு வேறோர் ஆபத்து உண்டு; எழுதுவதற்கு ஆள் வேண்டும்.

2020 மார்ச் மாதத்தில் நாடு ஊரடங்கில் முடங்கியபோது, கை வைத்துச் செபிக்கும் ஒரு பணி என்னவாகும் என்று அறிய அந்தச் சபையைத் தொடர்புகொண்டேன். யாரையும் தொடக்கூடாத காலம். எண்ணெய்க் குப்பி அலமாரியில் இருந்தது. கொப்பி மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. ஆளுக்கு ஆறேழு பெயர்களைப் பிரித்துக்கொண்டு தொலைபேசியில் அழைத்தார்களாம். யாருக்கு இன்சுலின் முடியப்போகிறது, யாருடைய வீட்டில் அரிசி இல்லை என்பது அந்த அழைப்புகளில் தெரியவந்தது. 2022இல் எரிபொருளும் மருந்தும் இல்லாமல் நாடு தவித்தபோதும் அவ்வாறே. பெற்றோல் வரிசையில் நின்று நிரப்பிய வாகனம் எந்த நோயாளிக்கு முதலில் என்பதைப் பட்டியலைப் பார்த்து முடிவுசெய்திருக்கிறார்கள். வெளிநாட்டில் இருந்த சபையாரின் பிள்ளைகள் மருந்து அனுப்பியிருக்கிறார்கள்.

செபத்தால் நோய் குணமாகுமா என்ற கேள்விக்கு இந்தக் கட்டுரை பதில் தரவில்லை என்று சிலர் சொல்லக்கூடும். அந்தக் கேள்வியை விசுவாசிகளிடமும் வைத்தியர்களிடமும் விட்டுவிடுகிறேன். என் தொழிலுக்குரிய கேள்வி வேறு: குணமாகாதவருக்கு அடுத்த வாரம் என்ன நடக்கிறது? மேடையிடம் அதற்கு விடை இல்லை. அந்தச் சிறிய சபையிடம் இருந்தது. நாளும் நேரமும் போட்டு எழுதியிருந்தார்கள்.

எங்கள் கோயில்களில் உபயகாரர் பட்டியல் இருக்கிறது. எந்தத் திருவிழா யாருடையது என்று தலைமுறை தலைமுறையாகத் தெரியும். செல்வச்சந்நிதியில் பசித்தவருக்குச் சோறு கிடைக்கிறது. ஆனால் கோயிலுக்கு வழமையாக வந்து, இப்போது வர முடியாமல் படுத்திருப்பவர் யார் என்று எழுதிவைத்த கொப்பி ஒன்று எந்தப் பரிபாலன சபையிடமாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். இருந்தால் அறியத் தாருங்கள். மகிழ்ச்சியோடு எழுதுவேன்.

ஓட்டோவில் உடன்சென்ற அந்த ஆசிரியைக்கு இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது. முழங்கால் நோவினால் வெளியே செல்வதில்லை. அவருடைய பிள்ளைகள் மெல்பேர்னில். கடந்த ஆண்டு அவரைப் பார்க்கச் சென்றபோது கொப்பி இப்போது யாரிடம் என்று கேட்டேன். வங்கியில் வேலை செய்யும் ஓர் இளம் பெண்ணிடம் இருக்கிறதாம்; அது ஐந்தாவதோ ஆறாவதோ கொப்பியாம். “என்னுடைய பெயரும் இப்போது அதில் இருக்கிறது. வியாழக்கிழமைகளில் வருகிறார்கள்” என்று தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். அன்று வியாழக்கிழமை. நான் விடைபெற்று இறங்கும்போது வாசலில் இருவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.